லெவனிக்கா நாட்டைப் பறிகொடுக்கவில்லை

நடுவர் அவர்களே, வணக்கம். ‘லோசி மன்னர் லெவனிக்கா நாட்டைக் காத்தாரா, பறிகொடுத்தாரா?’ என்பது தலைப்பு. இன்றைய சாம்பியாவின் மேற்கே இருக்கும் லோசி மக்களின் மன்னர் அவர். எதிரணித் தோழர், லெவனிக்கா கையெழுத்திட்ட 1890 ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி பிடித்தார். “பிரிட்டிஷ் ராணியின் தூதன் என்று வந்த லோக்னர், உண்மையில் செசில் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனி ஆள். கனிம உரிமை கைமாறிப் போனது. ஏமாந்தவரைப் போய்க் காத்தவர் என்கிறீர்களே!” என்றார். சரி, ஏமாந்தார். மறுக்கவில்லை.

அப்புறம் நடந்ததையும் அவர் சொல்லியிருக்கலாம். அதே ரோட்ஸின் ஆட்களுக்கு 1888-லேயே கையெழுத்துப் போட்டவர், இன்றைய ஜிம்பாப்வேயில் ஆண்ட ண்டெபெலே மன்னர் லோபெங்குலா. சாதாரண ஆள் இல்லை. அவர் படை வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் லெவனிக்கா பிரிட்டிஷ் பாதுகாப்பையே தேடினார். அந்த லோபெங்குலாவின் கதி என்ன? 1893-ல் கம்பெனி மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்தது. தலைநகர் புலவாயோ எரிந்தது. தப்பி ஓடிய மன்னர் அடுத்த ஆண்டே இறந்தார். நிலம் வெள்ளைக்காரர்களின் பண்ணையானது. லெவனிக்காவோ 1916-ல் அரசராகவே கண்ணை மூடினார். சாம்பேசி ஆற்றின் வெள்ளச் சமவெளி லோசிகளிடமே இருந்தது. ஒரே கம்பெனி, ஒரே காலம். இரண்டு முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவர் அவர்களே.

லெவனிக்கா கால்வாய் வெட்டியது அடிமைகளை வைத்துத்தானே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1906-ல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அவரை மகான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, தலைப்பும் அதுவல்ல.

‘வெள்ளைக்காரன் கொடுத்த கோட்டு போட்டவர்’ என்ற கிண்டலுக்கு வருகிறேன். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு லண்டன் போனார், கடற்படைத் தளபதியின் உடையோடு திரும்பினார். இன்றும் வெள்ளம் ஏறும்போது குவோம்போகா விழாவைப் பாருங்கள். லிட்டுங்கா, அதாவது லோசி மன்னர், லியாலுயி அரண்மனையை விட்டு நாலிக்வாண்டா படகில் ஏறுவார். கறுப்பு வெள்ளைப் பட்டை, கூரைமேல் பெரிய யானை உருவம், துடுப்புப் போட ஆட்கள் வரிசை. லிமுலுங்கா மேட்டில் இறங்கும்போது அந்தத் தளபதி உடையில் நிற்பார். கொடுத்தவர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. கோட்டு போட்டவரின் வம்சம் அரியணையில் இருக்கிறது!

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பரோட்ஸேலாந்து, அதாவது லோசி நாடு, சாம்பியாவோடு சேர்ந்தபோது அதன் உரிமைகளைக் காப்பதாகச் சொன்ன 1964 உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று தெரியும். அதில் லோசிகள் சார்பில் கையெழுத்திட்டவர் லெவனிக்காவின் மகன் மூன்றாம் முவானவினா. அதை 1969-ல் செல்லாமல் ஆக்கியது கம்பெனியும் அல்ல, லண்டனும் அல்ல. சுதந்திர சாம்பியாவின் அரசு. 1916-ல் இறந்தவரிடம் அதற்குக் கணக்குக் கேட்பாரா? கேட்டுவிட்டுப் போகட்டும், காத்திருக்கிறோம். நன்றி.