பழுதான மைட்டோகாண்ட்ரியாவும் மூளை அழற்சியும்: ரிச்சர்ட் யூலின் ஆய்வுப் பாதை

திரையில்: உயிருள்ள செல் ஒன்று. பச்சையாக ஒளிரும் மைட்டோகாண்ட்ரியா இழைகள்.

குரல்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அது 16,569 கார இணைகள் கொண்ட ஒரு வட்டம். அதில் 37 மரபணுக்கள். உள்ளே இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே செல்திரவத்தில் கசிந்தால், வைரஸ் நுழைந்துவிட்டது என்று செல் முடிவு கட்டிவிடும். சிஜாஸ் என்ற புரதம் அந்த டி.என்.ஏ.வைப் பிடித்து, ஸ்டிங் என்ற இன்னொரு புரதத்தை முடுக்கும். அடுத்து இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதம் சுரக்கும், அதோடு அழற்சி.

அப்படியானால் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை முன்கூட்டியே அப்புறப்படுத்துவது யார்? இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி, அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூல் நடத்திய ஆய்வகத்திலிருந்து வந்தது.

திரையில்: 1997. செல் முழுக்கப் பரவிய பச்சை ஒளி, புள்ளிகளாகத் திரள்கிறது.

குரல்: யூலின் தொடக்ககால வேலை, புற்றுநோய் செல்களைக் கொல்லும் நச்சுப் புரதங்களில். அங்கிருந்து செல் எப்படிச் சாகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தார். 1997இல் அவர் குழு, செல் சாவைத் தூண்டும் பேக்ஸ் என்ற புரதத்தோடு ஒளிரும் புரதத்தை இணைத்து, சாகும் செல்லில் அது செல்திரவத்தை விட்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போவதைக் காட்டியது. ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்பதைவிட, நெருக்கடியில் எங்கே போகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கம்தான் அடுத்த கண்டுபிடிப்புக்கும் வழி திறந்தது.

இளம் வயது பார்க்கின்சன் நோய்க்குக் காரணமான பார்க்கின் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் கண்டறிந்தார்கள். அந்தப் புரதத்தின் வேலை என்ன என்பது வெகுநாள் குழப்பமாகவே இருந்தது. 2008இல் டெரெக் நரேந்திராவும் யூலும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை இது: ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்களில் பார்க்கின் அநேகமாக இல்லை, எனவே ஒளிரும் பார்க்கினை வெளியிலிருந்து ஏற்றினார்கள். பிறகு சிசிசிபி என்ற வேதிப்பொருளை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்த்தார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு மின்னழுத்தத்தைச் சரித்துவிடும். ஒரு மணி நேரத்தில் பார்க்கின் மைட்டோகாண்ட்ரியா மேல் போய்க் குவிந்தது. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், பல செல்களில் மைட்டோகாண்ட்ரியாவே மிஞ்சவில்லை.

திரையில்: வெஸ்டர்ன் பிளாட், அதாவது புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் படம். 63 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பட்டை பெரிதாக்கப்படுகிறது.

குரல்: எது பழுது என்று பார்க்கினுக்கு எப்படித் தெரியும்? தெரிவிப்பது பிங்க்-1 என்ற இன்னொரு புரதம். நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்-1 உள்ளே இழுக்கப்பட்டு, பார்ல் என்ற நொதியால் வெட்டப்பட்டு, உடனே அழிக்கப்படுகிறது. அதனால்தான் இந்தப் பிளாட்டில், சிசிசிபி இல்லாத வரிசை வெறுமையாக இருக்கிறது. புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுத்தால் வெட்டுப்பட்ட 52 கிலோடால்டன் துண்டு தெரியும். மின்னழுத்தம் சரிந்தால் இழுக்கும் விசை இல்லை. முழு நீள பிங்க்-1, அதாவது அந்த 63 கிலோடால்டன் பட்டை, வெளிச்சவ்விலேயே தேங்கும். அங்கிருந்து யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தில், 65ஆவது அமினோ அமிலமான செரீனில் பாஸ்பேட் சேர்க்கிறது. 2014இல் யூலின் குழு உட்பட மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியே காட்டின. பார்க்கினைச் செயல்படவைப்பது அந்தக் குறிதான்.

இந்தச் சோதனையைச் செய்பவர்கள் இடறும் இடங்கள் உண்டு. சிசிசிபி புரோட்டான்களைக் கடத்துவது. செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோமின் அமிலத்தன்மையையும் கெடுக்கக்கூடும். அப்போது கழிவு கடைசிவரை செரிக்காமல் நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைத் தடுக்கும் ஒலிகோமைசினும் ஆன்டிமைசினும் சேர்ந்த கலவை இதைவிட நம்பகமானது. அமிலத்தன்மைக்கு ஏற்ப ஒளிர்வு மாறும் எம்டி-கீமா என்ற புரதத்தைப் பயன்படுத்தினால் செல்லை உயிரோடு படமெடுக்க வேண்டும். ஃபிக்ஸ் செய்தால், அதாவது வேதிப்பொருளால் செல்லை உறையவைத்தால், அமிலத்தன்மை வேறுபாடு மறைந்து, படம் பொய் சொல்லும். ஹீலா செல் குளுக்கோஸை வைத்தே பிழைத்துக்கொள்ளும், நியூரானுக்கு அந்த வசதி இல்லை. ஹீலாவில் கண்டதை மூளைக்கு அப்படியே பொருத்துவது தவறு.

திரையில்: 2018. எலி, ஓடும் பட்டை.

குரல்: அழற்சிக்கு வருவோம். பார்க்கின் நீக்கிய எலிகள் சாதாரணமாகவே வாழ்கின்றன. இது பல ஆண்டுகள் துறையை வாட்டிய புதிர். யூலின் குழு அவற்றுக்கு நெருக்கடி கொடுத்துப் பார்த்தது. ஒன்று, களைத்து விழும்வரை ஓட்டம். இன்னொன்று, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பிழைகள் குவியும் எலி வகையோடு கலப்பு. இரண்டிலும் பார்க்கின் இல்லாத எலிகளின் ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் உயர்ந்தன. கலப்பு எலிகளில், பார்க்கின்சன் நோயில் அழிவது போலவே டோபமைன் நியூரான்கள் அழிந்து, நடையும் தடுமாறியது. ஸ்டிங்கைச் செயலிழக்கச் செய்ததும் அழற்சி அடங்கியது. நியூரான்களும் நடையும் காப்பாற்றப்பட்டன. இந்தத் தொடர் ஆய்வுகளுக்காக யூலுக்கு 2021ஆம் ஆண்டின் பிரேக்த்ரூ பரிசு கிடைத்தது.

ஆனால் 2020இல் வெளியான பழ ஈ ஆய்வில், பிங்க்-1 அல்லது பார்க்கின் இல்லாத ஈக்களில் ஸ்டிங்கை நீக்கியும் பயன் இல்லை. எலி முடிவைத் தள்ளிவிட இது போதாது. எல்லா உயிரினத்துக்கும் பொதுவிதி என்று சொல்லவும் விடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 2018 எலிகளில் ஸ்டிங் உடல் முழுக்கவே செயலிழந்திருந்தது. நியூரானைக் காத்தது மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோக்ளியாவில் நடந்த மாற்றமா, ரத்தத்தில் குறைந்த அழற்சியா என்பதை அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டுமானால் மைக்ரோக்ளியாவில் மட்டும் ஸ்டிங்கை நீக்கிய எலியில், பார்க்கினும் இல்லாமல், அதே டி.என்.ஏ. பிழைகளோடு, நியூரான்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.