எட்டயபுரத்து அச்சுக்கூடம்

எல்லாருக்கும் வணக்கம்.

சங்கீத ஊர் என்றால் திருவாரூர், திருவையாறு, தஞ்சாவூர் என்று நம் பேச்சு காவிரிக் கரையிலேயே நின்றுவிடுகிறது. இன்று கொஞ்சம் தெற்கே, கரிசல் காட்டுக்குப் போவோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கிற எட்டயபுரம். ஆறு கிடையாது, பருத்தியும் கம்பும் விளைகிற வானம் பார்த்த பூமி. கட்டபொம்மன் கதையால் இந்த ஊருக்கு வந்த பழி உங்களுக்குத் தெரியும். அந்த வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. அதே ஜமீன் சங்கீதத்துக்குச் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடி. அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக அமர்ந்தார். தம்பியைப் பார்க்க அண்ணன் வந்தார். வழியில் சாத்தூர் பக்கம் காய்ந்து கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷினி ராகம் பாடினார், மழை கொட்டியது என்பார்கள். மழைக்கு ஏங்குகிற சீமையில் இந்தக் கதையை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை, நானும் செய்யவில்லை. 1835 தீபாவளியன்று, ‘மீனாட்சி மே முதம்’ கீர்த்தனையைச் சீடர்கள் பாடக் கேட்டபடியே கண்மூடினார் என்பது மரபு. அட்டக்குளத்தின் பக்கம் இருக்கிறது அவர் சமாதி.

பெரும்பாலோர் சமாதியைக் கும்பிட்டுவிட்டு, பாரதி பிறந்த வீட்டையும், 1945-ல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும் இதே ஊரில்தான் இருக்கிறது. அதையும் பாருங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஊரின் பெரிய நினைவுச்சின்னம் ஒரு புத்தகம்.

பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். தாத்தாவே அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளும், ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுகிற கமக வழியும் குடும்பச் சொத்தாக இவரிடம் வந்துசேர்ந்தன. அப்போது சென்னையிலிருந்து சின்னசாமி முதலியார் என்று ஒருவர் வருகிறார். கிறிஸ்தவர். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் அச்சிடக் கைக்காசைக் கரைத்தவர், கண்பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது. ‘உங்களிடம் இருப்பதை எழுதிவையுங்கள்’ என்று அவர் கேட்க, சுப்பராமர் தயங்கினார். தலைமுறை தலைமுறையாகக் காத்ததை அச்சில் போட்டு ஊருக்கெல்லாம் கொடுப்பது லேசான காரியமா? கடைசியில் ராஜாவே சொல்ல, சம்மதித்தார்.

1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வந்தது. தெலுங்கு எழுத்தில், ஏறக்குறைய 1,700 பக்கம். 72 மேளங்களின், அதாவது தாய் ராகங்களின், வரிசையில் ராக லட்சணங்கள், கீதங்கள், முத்துசுவாமி தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள், பாட்டு இயற்றிய வாக்கேயக்காரர்களின் வரலாறு எல்லாம் அதில் உண்டு. கம்பிதம், ஜாரு, ஸ்புரிதம் என்று ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளம். ஸ்வரத்தின் தலையில் அந்தக் குறிகளை ஏற்றி, ஒரு கரிசல் ஊர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர்களை நினைத்துப் பாருங்கள்! அவர்கள் பெயர் எந்தக் கச்சேரி மேடையிலும் சொல்லப்படுவதில்லை. முதலியாரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அதற்குள் காலமாகிவிட்டார்.

1906-ல் சுப்பராம தீட்சிதர் மறைந்தார். அப்போது 23 வயதான பாரதி இரங்கற்பா எழுதினார். கர்ணனோடு கொடை போயிற்று, கம்பனோடு கவிதை போயிற்று என்பார்களே, அதுபோல இவரோடு பண்வளம் போயிற்று என்றார். துக்கத்தில் சொன்னது, சரி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எட்டயபுரத்துக்காரரான அவரோடு நான் மல்லுக்கு நிற்பேன். பண்வளம் போகவில்லை. மற்ற வித்வான்களோடு அவரவர் பாடாந்தரம், அதாவது பாடம் செய்து வைத்திருந்த பாடுமுறை, போன காலத்தில், இவர் ஒருவருடையது அச்சில் ஏறிவிட்டது.

தெலுங்கு தெரியாதவர்களுக்கு அது வெகுநாள் எட்டாமல்தான் இருந்தது. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. இன்றைக்கும் தீட்சிதர் கீர்த்தனை ஒன்றில் ‘இந்தப் பிடி சரியா?’ என்று இரண்டு வித்வான்களுக்குள் தகராறு வந்தால், யாராவது ஒருவர் எழுந்து போய் எடுத்துவருவது அந்தப் புத்தகத்தைத்தான். அப்புறமும் தகராறு தீருவதில்லை என்பது வேறு விஷயம்.