கன்ட்ரோலர் "ஸ்டாண்ட்பை"ன்னு சொன்னா உள்ளே போகலாமா?

அமெரிக்காவுல ஒரு குட்டி செஸ்னா ஓட்டுறீங்க. முன்னால பெரிய விமான நிலையம். ரேடியோவுல கூப்பிடுறீங்க. உங்க கால்சைனை, அதாவது உங்க விமானத்தோட ரேடியோ பேரைச் சொல்லி, "ஸ்டாண்ட்பை" (கொஞ்சம் பொறுங்க)ன்னு மட்டும் கன்ட்ரோலர்கிட்டேர்ந்து பதில் வருது. அந்த நிலையத்தோட வான்பகுதிக்குள்ள போகலாமா, வெளியவே சுத்தணுமா? வீடியோவை நிறுத்திட்டு கமென்ட்ல போடுங்க.

போட்டாச்சா? அங்க வானத்தைக் கெடுபிடிக்கு ஏத்தபடி எழுத்து வச்சுப் பிரிச்சிருக்காங்க. அது கிளாஸ் சி-யா இருந்தா தாராளமா போகலாம். கால்சைனைச் சொல்லிட்டாரே, இருவழித் தொடர்பு ஆயிடுச்சு! "கூப்பிடுற விமானம், ஸ்டாண்ட்பை"ன்னு பொதுவாச் சொல்லியிருந்தா போகக்கூடாது. கிளாஸ் பி-ன்னா கால்சைனும் பத்தாது. "க்ளியர்ட் இன்டு கிளாஸ் பிராவோ"ன்னு காதுல விழுந்தே ஆகணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கோயில் கோபுரத்தைத் தலைகீழா நிறுத்துங்க. குறுகின பக்கம் ஓடுபாதை மேல; உயரப் போகப் போக அகலம். அதுதான் கிளாஸ் பி. ஒவ்வொரு அடுக்குக்கும் அடிமட்டம் வேற. அடுக்குக்குக் கீழே அந்த அனுமதி தேவையில்ல. வானத்துல சுண்ணாம்புக் கோடா போட்டிருக்கு? தப்பு இங்கதான் நடக்கும்.

1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் செரிட்டோஸ். அங்க அந்த அடுக்கோட அடிமட்டம் 6,000 அடி. அனுமதி வாங்காத ஒரு பைப்பர் குட்டி விமானம் சுமார் 6,500 அடிக்கு ஏறிடுச்சு. ரேடாருக்குப் பதில் சொல்ற ட்ரான்ஸ்பாண்டர் கருவி இருந்தது, அதுல உயரத்தைச் சொல்ற மோட் சி வசதி இல்ல. அதனால அடுக்குக்குக் கீழே போகுதா, உள்ளே நுழைஞ்சுடுச்சான்னு ரேடார் திரை காட்டாது. ஏரோமெக்சிகோவோட டிசி-9 பயணி விமானத்தோட வாலுல மோதுச்சு. 82 பேர் செத்தாங்க, அதுல 15 பேர் தரையில இருந்தவங்க.

அப்புறம் இப்படி அடுக்கு வானம் இருக்கிற பெரிய விமான நிலையங்களைச் சுத்தி 30 கடல் மைலுக்கு மோட் சி கட்டாயம். பெரிய பயணி விமானங்கள்ல டீகாஸ்ங்கிற மோதல் எச்சரிக்கைக் கருவி. 1993 செப்டம்பர்ல வான்பகுதிகளோட பழைய பேர்கள் போய் ஏ, பி, சி எழுத்துகள் வந்துச்சு.

எனக்குப் பிடிச்ச வேடிக்கை ஒண்ணு: கண்ணால பார்த்துப் பறக்கிறவங்க கிளாஸ் சி-ல மேகத்துக்குக் கீழே 500, மேலே 1,000, பக்கவாட்டுல 2,000 அடி தள்ளியே இருக்கணும். கிளாஸ் பி-ல மேகத்துக்குள்ள நுழையாம இருந்தாப் போதும்! கெடுபிடி அதிகமான இடத்துல சலுகையும் அதிகம். அங்க எல்லா விமானங்களையும் ஒண்ணுக்கொண்ணு விலக்கி வைக்கிறது கன்ட்ரோலர் வேலையாச்சே.

ஆனா "நானே பார்த்து விலகிக்கிறேன்"னு பைலட் கேட்டு, கன்ட்ரோலர் சரின்னுட்டா, அந்தப் பொறுப்பு பைலட் கண்ணுக்கே திரும்பிடும். 2025 ஜனவரி 29, வாஷிங்டன்ல ராணுவ ஹெலிகாப்டரும் பயணி விமானமும் கிளாஸ் பி-க்குள்ளேயே அப்படித்தான் மோதுச்சு. 67 பேர் பலி. அதுக்கப்புறம் ஆத்தோரமா போற ஹெலிகாப்டர் பாதையில மோதல் நடந்த பகுதியை அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ நிரந்தரமா மூடிடுச்சு. கிளாஸ் பி-ங்கிற எழுத்தை மாத்தல.