படியேறினால் இளைக்கிறதா?

ஏற்காட்டுத் தாய்மார்களே, துணைக்கு வந்திருக்கும் மாமியார்மார்களே, செவிலியர்களே, வணக்கம்.

கர்ப்பத்தில், வயிறு வெளியே தெரியாத மூன்றாம் மாதத்திலேயே மேடேறினால் மூச்சு இளைக்கிறது. காரணம் புரொஜெஸ்டிரோன். அந்த ஹார்மோன் மூச்சை ஆழமாக்குகிறது. நிமிடத்துக்கு உள்ளே போகும் காற்று 30 முதல் 50 சதவீதம் கூடுகிறது. இது நோயல்ல. ஆனால் மாதம் ஏற ஏறக் கருப்பை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தசையான உதரவிதானத்தை 4 செ.மீ. வரை மேலே தள்ளும். மூச்சை விட்டபின் நுரையீரலில் தங்கும் கையிருப்புக் காற்று சுமார் 20 சதவீதம் குறையும். அதனால்தான் வீசிங் வந்தால் கர்ப்பிணி சட்டென்று திணறிப்போகிறார்.

மூக்கடைப்பும் சகஜம். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து மூக்கைக் கழுவினால் போதும். கடைச் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு முற்றும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கர்ப்பத்தில் அது மோசமாகிறது, பெரும்பாலும் 24 முதல் 36 வாரத்துக்குள். "பிள்ளைக்கு ஆகாது" என்று இன்ஹேலரை நிறுத்திவிடுவதுதான் பெரும் தவறு. தினசரி ஸ்டீராய்டான புடசொனைடும், இழுப்பைத் தணிக்கும் சால்புட்டமாலும் கர்ப்பத்தில் பல்லாண்டாகக் கொடுக்கப்படும் மருந்துகள். பிள்ளைக்கு ஆகாதது தாய்க்கு வரும் இழுப்புதான்: குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை.

போடும் முறை பாருங்கள். இன்ஹேலர் மூடியைக் கழற்றிக் குலுக்கி, மருந்தைத் தேக்கித் தரும் குழாயான ஸ்பேசரில் செருகுங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குங்கள். இரண்டு அழுத்தை ஒரே மூச்சில் இழுத்தால் மருந்தில் ஒரு பகுதி ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். விட்டால் நாக்கில் வெண்படலம் படியும்.

விறகடுப்புப் புகையும், கீழே சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைப் புகையும் இழுப்பைக் கிளப்பும். இந்த மாதங்களில் வேறொருவர் அடுப்பூதட்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, ஒற்றைக் கால் வீக்கம், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். 108-ஐ உடனே கூப்பிடுங்கள். இழுப்பென்றால், வண்டி வரும்வரை நிமிர்ந்து உட்கார வைத்து, சால்புட்டமாலை ஸ்பேசரில் ஒன்றன்பின் ஒன்றாக 4 முறை கொடுங்கள். 20 நிமிடத்தில் தணியாவிட்டால் மறுபடியும் 4.

செவிலியர்களுக்கு ஒன்று: கர்ப்பிணியின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இயல்பாகவே 30 மி.மீ. பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். கடும் இழுப்பில் 40 காட்டினால் "நார்மல்" என்று எழுதிவிடாதீர்கள். அவர் மூச்சுவிட்டே களைத்துப்போயிருக்கிறார். உடனே டாக்டரை அழையுங்கள்.