அந்த மானை ஏன் உடனே பிடிக்கவில்லை?

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவில் ஒரு புள்ளிமான் நொண்டி நடப்பதைக் காட்டினேன் இல்லையா? அதைப் பார்த்த நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "டாக்டர், அந்த மானைப் பிடித்து உடனே மருந்து போட வேண்டியதுதானே? ஏன் பார்த்துக்கொண்டே நிற்கிறீர்கள்?" சிலர் கோபமாகவே கேட்டிருந்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு விலங்கின் வலியைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்குச் சரியாக விளக்கிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம். ஒரு பெண் மானுக்குப் பின்னங்காலில் காயம். வலை கட்டி, ஆட்களை நிறுத்தி, விரட்டிப் பிடித்தோம். இருபது நிமிடம் ஓடவைத்துவிட்டோம். காயத்தைக் கழுவி, தையல் போட்டு, விட்டாயிற்று. நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மானால் எழுந்து நிற்க முடியவில்லை. தொடையைத் தொட்டால் கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. வைக்கோலில் அது விட்டிருந்த சிறுநீர் கடுங்காபி நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. தையல் போட்ட இடம் அழகாக ஆறிக்கொண்டிருந்தது.

இதற்குக் கேப்சர் மயோபதி என்று பெயர். பயந்து போன விலங்கு தன் சக்திக்கு மீறி ஓடும்போதும் திமிறும்போதும் தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. லாக்டிக் அமிலம் சேர்கிறது, உடல் சூடு ஏறுகிறது, தசை நார்கள் செத்து உடைகின்றன. தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. சிறுநீருக்கு அந்த நிறம் வருவது அதனால்தான். சில விலங்குகள் பிடித்த சில மணி நேரத்திலேயே இறந்துவிடும். சில, வாரக்கணக்கில் தாக்குப்பிடித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதியடைந்த பிறகு இறக்கும். மான், மறிமான், வரிக்குதிரை, நாரைபோல நீண்ட கால் கொண்ட பறவைகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. வந்த பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம். வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே நல்ல வைத்தியம்.

அதனால், நொண்டுகிற மானைப் பார்த்தவுடன் என் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: இந்தக் கால் தானாக ஆறுமா? ஆறாது என்றால், பிடிப்பதால் வரும் ஆபத்து கால் காயத்தைவிடப் பெரியதா? மான் காலை ஊன்றுகிறதா, மேய்கிறதா, படுத்து அசை போடுகிறதா, கூட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று தினமும் இரண்டு வேளை பார்த்துக் குறித்து வைக்கிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்தது அந்த வேலைதான்.

இங்கே இன்னொரு சிக்கல். வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நம் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். காட்டு விலங்கு அப்படிச் செய்யாது. காட்டில் சோர்ந்து தெரிகிற விலங்குதான் முதலில் இரையாகும். அதனால் கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். பறவைகள் இதில் இன்னும் மோசம். காலையில் கிளையில் உட்கார்ந்திருந்த பறவை மாலையில் தரையில் கிடக்கும். நோயோ பல நாட்களாக உள்ளே இருந்திருக்கும்.

அப்படியானால் தொடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்குப் பெரிய துணை, கழிவுதான். முகம் சுளிக்காதீர்கள், மானின் புழுக்கையும் யானையின் லத்தியும் எங்களுக்குக் கடிதம் மாதிரி. குடற்புழு முட்டை இருக்கிறதா, சரியாகச் செரித்திருக்கிறதா என்று பார்க்கலாம். பெண் விலங்கு சினையாக இருக்கிறதா, எவ்வளவு மன அழுத்தத்தில் இருக்கிறது என்பதைக்கூட அதில் கழியும் ஹார்மோன்களை வைத்து அளக்கலாம். ஒரே அடைப்பில் மூன்று சிறுத்தைகள் இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? உண்ணத் தகுந்த, கெடுதல் இல்லாத மினுமினுப்புத் தூளை ஒன்றின் இறைச்சியில் மட்டும் கலந்து கொடுப்பார்கள். மறுநாள் வெயிலில் எது மின்னுகிறதோ அது அதனுடையது. உலகத்தில் பல உயிரியல் பூங்காக்களில் இந்த முறை உண்டு.

இதெல்லாம் போதாமல், தொட்டே ஆக வேண்டிய நாளும் வரும். பல் உடைந்து சீழ் பிடித்திருக்கும், குட்டி குறுக்கே மாட்டியிருக்கும். அப்போதுதான் மயக்க ஊசி. இதோ, என் கையில் இருப்பது ஒரு டார்ட். காலியானதுதான், மருந்து இல்லை. கொஞ்சம் கேமரா பக்கத்தில் காட்டுகிறேன். இதில் இரண்டு அறைகள் இருக்கின்றன, பாருங்கள். முன்னறையில் மருந்து, பின்னறையில் அழுத்தப்பட்ட காற்று. ஊசியின் நுனி அடைபட்டிருக்கும். மருந்து வெளிவரும் துளை பக்கவாட்டில் இருக்கிறது. அதை இந்தச் சின்ன சிலிகோன் ரப்பர் உறை மூடியிருக்கிறது. ஊசி தோலுக்குள் போகும்போது உறை பின்னால் தள்ளப்பட்டு, துளை திறக்கும். உடனே பின்னறைக் காற்று தள்ள, மருந்து முழுவதும் தசைக்குள் இறங்கிவிடும். ஒரு நொடிகூட ஆகாது. வால் பக்கத்துக் குஞ்சம் அழகுக்காக வைத்தது என்று நினைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் டார்ட் நேராகப் பறக்காது.

மயக்க மருந்துத் துப்பாக்கியை 1950களில் உருவாக்கியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த காலின் மர்டாக். அவர் மருந்தாளுநர், கால்நடை மருத்துவரும்கூட. இன்று நாம் எல்லோரும் பயன்படுத்தும், ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்சும் அவருடைய யோசனைதான். கூண்டுப் பக்கத்தில் நின்று போடுவதற்கு நான் வாயால் ஊதி டார்ட்டைச் செலுத்தும் ஊதுகுழலைத்தான் விரும்புவேன். சத்தம் கிடையாது, அடியும் மெதுவாகப் படும்.

படத்தில் காட்டுகிற மாதிரி ஊசி பட்டவுடன் எந்த விலங்கும் விழுந்துவிடாது. ஐந்து நிமிடமும் ஆகலாம், பதினைந்து நிமிடமும் ஆகலாம். அந்த நேரத்தில் யாராவது சத்தமாகப் பேசினால்கூட, பயத்தில் சுரக்கும் அட்ரினலின் மருந்தோடு மல்லுக்கு நிற்கும். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். எனக்கு அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானை, காண்டாமிருகம் போன்ற பெரிய விலங்குகளுக்கு எடார்ஃபின் என்று ஒன்று உண்டு. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. ஒரு காண்டாமிருகத்தைச் சாய்க்கச் சில மில்லிகிராம் போதும். அப்படியென்றால் ஒரு சொட்டு மருத்துவரின் கண்ணில் தெறித்தாலோ, ஊசி விரலில் குத்தினாலோ என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் அதைத் தனியாக யாரும் கையாளக் கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். மனிதருக்கான முறிவு மருந்தை முன்கூட்டியே பக்கத்தில் எடுத்து வைத்து, அதைப் போடத் தெரிந்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

சரி, விலங்கு சாய்ந்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான வேலை. எப்படிப் படுத்திருக்கிறது என்பதிலேயே உயிர் இருக்கிறது. நமக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அது கிடையாது, நுரையீரல் சுவரோடு ஒட்டியே இருக்கும். மார்பும் உதரவிதானமும் அசைந்தால்தான் மூச்சு. மயங்கிய யானை நெஞ்சை அழுத்திக் குப்புற உட்கார்ந்துவிட்டால் அதன் சொந்த எடையே மூச்சை அடைத்துவிடும். எல்லோரும் சேர்ந்து உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். தும்பிக்கை மடிந்திருக்கிறதா என்று ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒட்டகச்சிவிங்கி என்றால் வேறு கவலை. அவ்வளவு உயரத்தில் இருக்கும் தலைக்கு ரத்தத்தை ஏற்ற, அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலை தாழ்ந்தால் இரைப்பையில் இருப்பது தொண்டைக்கு வந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதனால் காட்டில் ஒட்டகச்சிவிங்கியைப் பிடிக்கிற குழுக்கள் அது விழுந்தவுடனே முறிவு மருந்தைப் போட்டுவிடுவார்கள். கண்ணைக் கட்டி, கழுத்தை ஆட்கள் பிடித்துக்கொள்ள, விலங்கு விழித்திருக்கும்போதே வேலை முடியும்.

காண்டாமிருகக் கதை இன்னும் வியப்பானது. சாலை இல்லாத மலைப்பகுதியிலிருந்து காண்டாமிருகங்களை இடம் மாற்ற, நான்கு கால்களிலும் பட்டை கட்டி, தலைகீழாக ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோவார்கள். இப்படித் தொங்கினால் மூச்சுக்குக் கெடுதலா என்று நமீபியாவில் 12 கருப்புக் காண்டாமிருகங்களை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. பக்கவாட்டில் படுத்திருந்தபோது இருந்ததைவிட, தொங்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் இக் நோபல் பரிசும் அதே ஆண்டு கிடைத்தது. ஆனால் அடுத்த காண்டாமிருகத்தைத் தூக்கப்போகும் மருத்துவருக்கு அந்த ஆய்வு எவ்வளவு பெரிய நிம்மதி!

முறிவு மருந்து போட்ட பிறகு, முதலில் மூச்சு ஆழமாகும். அடுத்து காது அசையும். காதைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடிவிடுவோம். காண்டாமிருகம் ஓரிரு நிமிடங்களில் எழுந்துவிடும்.

இவ்வளவு ஆபத்து இருப்பதால்தான், இப்போது நல்ல பூங்காக்களில் வேறு ஒரு வழியை வளர்த்திருக்கிறார்கள். விலங்குக்கே சொல்லிக்கொடுப்பது! எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது இதுதான். நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு புலியைச் சொல்கிறேன். கம்பியோரம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். கீழே உள்ள சின்னத் திறப்பு வழியாகக் காப்பாளர் அதன் வாலை மெதுவாக வெளியே எடுப்பார். முன்பக்கம் இன்னொருவர் நீளமான குச்சியில் இறைச்சித் துண்டு கொடுத்துக்கொண்டே இருப்பார். வாலின் அடிப்பக்க நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தாகிவிடும், புலி தலையைக்கூடத் திருப்பவில்லை. அதற்கு முன்னால் பல மாதம் தினமும் சில நிமிடம் பழக்கம். முதலில் வாலைத் தொடுவது, அப்புறம் பஞ்சால் துடைப்பது, அப்புறம் முனை மழுங்கிய ஊசியால் அழுத்துவது, கடைசியில்தான் உண்மையான ஊசி. புலி எழுந்து போக விரும்பினால் போகலாம், தடுக்க மாட்டார்கள். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் அது மறுபடியும் வருகிறது.

யானை காதை நீட்டும், பாண்டா கையைக் குழாய்க்குள் விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கொரில்லா மார்பைக் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டு நிற்க, இதய ஸ்கேன் எடுப்பார்கள். பூங்காவில் வளரும் வயது வந்த கொரில்லாக்கள் இறப்பதற்கு இதய நோய் முக்கியக் காரணம் என்பதால், மயக்கம் கொடுக்காமல் எடுக்கும் அந்த ஒரு ஸ்கேன் மிகப் பெரிய விஷயம்.

காட்டில் இப்படிப் பழக்க முடியாது. அங்கே எப்போது தலையிடலாம் என்பதே பெரிய கேள்வி. மலைக் கொரில்லாக்களுக்கு 1986 முதல் கால்நடை மருத்துவர்கள் காட்டுக்குள்ளேயே போய்ச் சிகிச்சை தருகிறார்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, கண்ணி வலை போல மனிதரால் வந்த காயம் என்றாலோதான் கை வைப்பார்கள். இரண்டு ஆண் கொரில்லாக்கள் சண்டை போட்டுக்கொண்ட கீறலுக்கு ஓட மாட்டார்கள். நம்முடைய சாதாரணச் சளியே அவற்றுக்கு நிமோனியாவாக மாறும் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் போவார்கள். இன்று மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

சில நேரம், விலங்கை யாரும் தொடாமலேயே அதற்கு வைத்தியம் பார்க்கலாம். தெற்காசியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தபோது, அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்த அடையாளம். மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போகிறது என்று 2004இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஆய்வு வந்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது. 2006இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. அந்தக் கழுகுகளுக்கான சிகிச்சை, மாட்டுக்கு எழுதும் மருந்துச் சீட்டில் இருந்தது.

அந்த மான், சொல்ல மறந்துவிட்டேன், நேற்றிலிருந்து காலை முழுதாக ஊன்றுகிறது.

கடைசியாக, அடிபட்ட காட்டுப் பறவையோ அணிலோ உங்கள் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். துணியால் மெதுவாக மூடி எடுத்து, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுத் துளை நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கும், தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பெட்டியை மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்கோ பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவருக்கோ போன் செய்யுங்கள். அவர்கள் வரும்வரை உயிரோடு இருக்கிறதா என்று திறந்து திறந்து பார்க்கத் தோன்றும். திறக்காதீர்கள்.