அடுப்படியில் கேட்ட காம்போஜி

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் மேடையில் பாடுகிறவன் இல்லை. நாற்பது வருடமாகக் கேட்கிறவன். தினமும் என்ன கேட்கிறேன், எப்படிக் கேட்கிறேன் என்று சொல்லத்தான் இங்கே அழைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டு கேட்கும் இடம் அடுப்படி. அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் இருக்கும். காலையில் அம்மா காய் நறுக்கும்போது மதுரை மணி அய்யரின் 'காணக் கண் கோடி வேண்டும்' ஓடும். பாபநாசம் சிவன் இயற்றியது, காம்போஜி ராகம். மயிலாப்பூர் கபாலியின் பவனியைக் காணக் கோடி கண் வேண்டும் என்கிற பாட்டு. பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவரோடு சுவாமி வீதிக்கு வரும் நாளில் மாட வீதியில் நின்றவர்களுக்கு அது மிகையாகவே தோன்றாது.

மணி அய்யர் ஸ்வரம், அதாவது ச-ரி-க-ம எழுத்துகளை, பாடுவதற்கு சர்வலகு என்று பெயர் சொல்வார்கள். தாளத்தைப் பிடித்து முறுக்காமல், அது இயல்பாகப் போகிற நடையிலேயே ஸ்வரங்களைக் கோத்துக்கொண்டு போவது. எனக்கு இந்தச் சொல் தெரிந்தது ரொம்ப நாள் கழித்துத்தான். ஆனால் விஷயம் ஏழெட்டு வயதிலேயே தெரியும். அவர் ஸ்வரத்துக்கு வந்ததும் அம்மாவின் கத்தியும் அந்த நடைக்கு வந்துவிடும். பீன்ஸ் நறுக்கும் சத்தம் பிசகாமல் தாளத்தில் விழும். அம்மாவுக்கு அது தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

அது 60 நிமிடக் கேசட். ஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏ பக்கம் தீர்ந்து, பித்தான் 'டக்' என்று மேலே வரும். அம்மா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து திருப்பிப் போடுவார். இன்று கைப்பேசியில் அதே காம்போஜி தடையில்லாமல் ஓடுகிறது. ஆனாலும் அந்த இடம் வந்தால் என் காது ஒரு நொடி நின்று காத்திருக்கிறது.

ஒருமுறை, சங்கீதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் என்னிடம், "வேலைக்கு நடுவில் கேட்பதெல்லாம் கேட்பதே இல்லை, கச்சேரிக்கு வந்து உட்கார வேண்டும்" என்றார். அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-ல். அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் ஒழுங்குபடுத்திக் கொடுத்த, வர்ணம் என்ற முதல் உருப்படியில் தொடங்கி துக்கடா என்ற சின்னப் பாட்டுகளில் முடியும் இன்றைய கச்சேரி முறையும் போன நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கெல்லாம் முன்பே, கோயில் நாகஸ்வரம் காலையில் பூபாளமும் பௌளியும், இரவு பள்ளியறை சாத்தும்போது நீலாம்பரியும் வாசித்திருக்கிறது. அதைக் கேட்டவர்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டும் கடையைச் சாத்திக்கொண்டும் கேட்டவர்கள். 1938-ல் சென்னை வானொலி நிலையம் வந்த பிறகு அந்த வழக்கம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வேலையோடு சேர்ந்த கேட்புதான் நம்மிடம் மூத்தது. அதைக் குறைவென்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

ஆனால் ஒன்று. எல்லாப் பாட்டும் அடுப்படியில் பிடிபடாது. சிலவற்றுக்குக் கையை நிறுத்தத்தான் வேண்டும். எனக்கு அப்படி ஒரு பாட்டு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ'. சாதியால் கோயிலுக்குள் விடப்படாத பக்தர் நந்தனின் கதையான நந்தனார் சரித்திரத்தில் வருவது, மாஞ்சி ராகம். (உ.வே.சாமிநாதையர் மாயவரத்தில் மாணவராக இருந்தபோது இந்த பாரதியாரிடம்தான் கொஞ்ச காலம் சங்கீதம் கற்றார். அவருடைய தமிழாசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அதில் விருப்பமில்லாததால் விட்டுவிட நேர்ந்தது. அந்தப் பாடம் தொடர்ந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு.)

'வருகலாமோ' பாட்டின் ராகத்தைப் பல வருடம் நான் பைரவி என்றே நினைத்திருந்தேன். இரண்டும் அவ்வளவு நெருக்கம். கே.வி.நாராயணசாமி பாடியதை ஒரு மாதம் தினமும் இரவு கேட்ட பிறகுதான் வித்தியாசம் உறைத்தது. பைரவி விரைந்து ஓடவும் செய்யும், நின்று நிதானிக்கவும் செய்யும். மாஞ்சி ஓடாது. ஒவ்வொரு ஸ்வரத்திலும் சற்று அசைந்து, தயங்கி, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போகும். நந்தன் நிற்பது தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, வெளியே. உள்ளே வரலாமா என்று கேட்கிறான். கேள்வி கேட்கிறவனின் தயக்கம் அந்த ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. கே.வி.என். 'வருகலாமோ' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும்போது குரலை உயர்த்துவதே இல்லை. உரிமை இருந்தும் கெஞ்ச வேண்டிய நிலையில் ஒரு மனிதனை நிறுத்தியிருக்கிறோமே என்று, கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. ராக இலக்கணம் எனக்கு இன்றும் முழுசாகத் தெரியாது. மாஞ்சி தெரியும். அது அந்த ஒரு மாதத்தில் கிடைத்தது.

இப்போது என் வழக்கம் இதுதான்: மாதத்துக்கு ஒரு பாட்டு. பகலில் வேலையோடு எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடட்டும். இரவில் ஒருமுறை விளக்கைத் தணித்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் கேட்பேன். இரண்டாவது வாரம் வேறொரு குரலில் அதே பாட்டு. போன மாதம் சியாமா சாஸ்திரியின் 'ஓ ஜகதம்பா', ஆனந்தபைரவி. அதற்கு முன் தியாகராஜரின் 'கிரிபை', சஹானா. கச்சேரிகள் நிறைந்த மார்கழியில் மட்டும் இந்த ஒழுங்கு குலைந்துபோகும். அந்த ஒரு மாதம் கிடைப்பதையெல்லாம் கேட்பேன். கைப்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒன்றை முடிக்கும் முன்பே விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. அந்த விரலைப் பிடித்து வைப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்து பார்க்கும்படி மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பாடம் எடுக்க வேண்டாம். பாட்டு ஓடட்டும், அவர்கள் பக்கத்தில் விளையாடட்டும். மூன்றாவது வாரம் அவர்களே முணுமுணுப்பார்கள்.

சரி, பேச்சு போதும். கே.வி.என். பாடிய 'வருகலாமோ' இந்தப் பெட்டியில் இருக்கிறது. மின்விசிறிகளை மட்டும் நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் புழுங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்லவியை முதல் தடவை முடிக்கும் இடத்தில் குரல் மிக மெதுவாக இறங்கும். விசிறி ஓடினால் அது கேட்காது.