தானே பச்சையாகும் பில்ட்

நண்பர்களே, வணக்கம்.

நான்கு ஜாவா புராஜெக்டுகளை எடுத்துக்கொள்வோம். ‘பொது’ என்று ஒரு லைப்ரரி. அதை நம்பி ‘கணக்கு’, ‘அறிக்கை’ என இரண்டு. அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்வது ‘செயலி’. படம் போட்டால் வைர வடிவம் வரும். பில்டுகளை, அதாவது கம்பைல் செய்து டெஸ்ட் ஓட்டும் வேலையை, தானாக நடத்தும் கருவி ஜென்கின்ஸ். அதில் நான்குக்கும் தனித்தனி ஜாப் போட்டு, ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கிளப்பச் சொல்லியிருக்கிறோம். இனி கடிகாரத்தைப் பாருங்கள்.

‘பொது’வில் ஒரு மெத்தட் இன்ட் வகை முழு எண்ணை வாங்கிக்கொண்டிருந்தது, அதைப் பெரிய முழு எண்களுக்கான லாங் என்று மாற்றுகிறோம். அழைக்கும் இடங்களில் ஒரு வரிகூடத் திருத்த வேண்டாம், மறுபடி கம்பைல் செய்தாலே போதும். 10:00க்குத் தொடங்கிய பில்ட் 10:04க்கு முடிகிறது. ‘கணக்கு’, ‘அறிக்கை’ இரண்டும் கிளம்புகின்றன. ‘கணக்கு’க்கு 3 நிமிடம், ‘அறிக்கை’க்கு 12 நிமிடம். 10:07க்கே ‘கணக்கு’ முடிந்து ‘செயலி’யைக் கிளப்பிவிடுகிறது. அதன் கையில் கிடைப்பது புதிய ‘பொது’, புதிய ‘கணக்கு’, பழைய ‘அறிக்கை’. அந்தப் பழைய ஜார் (கம்பைல் ஆன கோப்புகளின் தொகுப்பு) இன்னும் இன்ட் வாங்கும் மெத்தடைத்தான் தேடும். கம்பைல் ஆகிவிடும், டெஸ்டில் ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று விழும், பில்ட் சிவப்பாகும். 10:16க்கு ‘அறிக்கை’ முடிந்து ‘செயலி’ மறுபடி ஓடும்போது எல்லாம் பச்சை. நடுவில் யாரும் எதையும் சரிசெய்யவில்லை.

இதில் பெரிய சேதம் மனிதர்களிடம்தான். சிவப்பு வந்தால் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும் என்று குழு பழகிவிடும். பிறகு உண்மையான சிவப்பையும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

க்வயட் பீரியடை, அதாவது பில்டைத் தொடங்கும் முன் ஜென்கின்ஸ் காத்திருக்கும் நேரத்தை, கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் இயல்பு அளவு 5 வினாடி. 9 நிமிட இடைவெளியை அதால் மூட வேண்டுமென்றால் எல்லா பில்டும் 9 நிமிடம் தாமதமாகும். சரியான வழி, ‘செயலி’ ஜாபின் அமைப்பில் ‘அப்ஸ்ட்ரீம் (இது நம்பியிருக்கும் ஜாப்) ஓடும்போது இந்த பில்டை நிறுத்தி வை’ என்ற தேர்வை டிக் செய்வது. நேரடி உறவு மட்டுமல்ல, மறைமுக உறவையும் அது பார்க்கும். வரிசையில் காத்திருப்பதையும் கணக்கில் எடுக்கும். ஆனால் உறவு ஜென்கின்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக அடுத்த ஜாபைக் கிளப்பினால் இந்தத் தேர்வுக்குக் கண் தெரியாது.

அடுத்து ஸ்னாப்ஷாட், அதாவது இன்னும் ரிலீஸ் ஆகாத, மாறிக்கொண்டே இருக்கும் பதிப்பு. ஜார்களைச் சேமித்து வைக்கும் வெளிக் களஞ்சியத்தில் புதிய ஸ்னாப்ஷாட் வந்திருக்கிறதா என்று, ஜாவா பில்ட் கருவியான மேவன் இயல்பாக நாளுக்கு ஒரு முறைதான் பார்க்கும். ‘கணக்கு’ ஒரு ஏஜென்டிலும் (பில்ட் ஓடும் கணினி) ‘செயலி’ இன்னொன்றிலும் ஓடினால், காலையில் இறக்கிய ஜாரையே மாலை வரை பயன்படுத்திக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் புதியதைத் தேட, மேவன் கட்டளையில் கேப்பிடல் ‘யூ’ ஆப்ஷனைச் சேருங்கள். ஜாபுக்கு ஒரு தனி லோக்கல் களஞ்சியமும் கொடுங்கள். எல்லா ஜாபும் ஒரே லோக்கல் களஞ்சியத்தைப் பகிர்ந்தால், ஒரு பிராஞ்ச் ‘இன்ஸ்டால்’ செய்த ஜாரை வேறு பிராஞ்சின் பில்ட் எடுத்துக்கொள்ளும். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை.

இத்தனை காவல் எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. நான்கும் எப்போதும் ஒன்றாகவே ரிலீஸ் ஆகுமென்றால் நான்கு ஜாப் தேவையே இல்லை. ஒரே பேரண்ட் பாமின் (மேவனின் தாய் அமைப்புக் கோப்பு) கீழ் மாட்யூல்களாக வையுங்கள்; எதை முதலில் கட்டுவது என்ற வரிசையை, மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டும் மேவனின் ரியாக்டரே கண்டுபிடிக்கும். ‘பொது’ மட்டும் வேறு குழுக்களுக்கும் போகிறது என்றால், அதைத் தனியே ரிலீஸ் செய்து, மற்றவை நிலையான பதிப்பு எண்ணைச் சொல்லி வாங்கட்டும்.

ஒன்றாக வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. ‘கணக்கு’ ‘அறிக்கை’யை நம்பி, ‘அறிக்கை’ ‘கணக்கை’ நம்பினால் ரியாக்டர் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். தனித்தனி ஜாபாக இருந்தால் அது தெரியாது. ஒவ்வொன்றும் மற்றதன் நேற்றைய ஜாரை வைத்துக் கட்டிக்கொள்ளும். பழைய ஜார் இல்லாத இடத்தில்தான் கோழியா முட்டையா என்று நிற்கும். ஆகவே வாரம் ஒரு இரவு, களஞ்சியங்களைக் காலியாக வைத்து, உள் ஸ்னாப்ஷாட் எதையும் வெளியிலிருந்து எடுக்க விடாமல், நான்கையும் முதலிலிருந்து கட்டிப் பாருங்கள். விழுந்தால், இரண்டுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ்களை ஐந்தாவது மாட்யூலாகப் பிரித்தெடுத்து, இரண்டையும் அதை மட்டும் நம்ப வையுங்கள்.